எலுமிச்சம்பழமும் ஐந்து நாட்டுக் கூட்டமைப்பும்

அரசாங்கக் காடி ஓட்டிப் பிழைத்த காலத்தில் என்னை ஒரே ஒரு தடவைதான் அறைக்குள் உட்கார வைத்து விசாரித்தார்கள். ஆளை இடித்ததற்காக இல்லை. பெட்ரோல் திருடியதற்காகவும் இல்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததற்காக.

அந்தப் பழங்களை மேசை மேல் பரப்பி வைத்திருந்தார்கள். மூன்று நசுங்கியது, ஒன்று முழுசு. வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் பேனாக்கத்தியால் முழுசாக இருந்ததை வெட்டி, விதைகளை வெளியே தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கும், புளிப்புதான் இருக்கும். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. என் குடியுரிமை மனு மேலே போய் உட்கார்ந்திருந்த சமயம் அது.

ஓட்டுநர் சங்க மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று புதுசாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்டார்கள். மழையில் ஓட்டுவது, மலையில் ஓட்டுவது எல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் இதை எழுதுகிறேன்.

1. பார்க்க வந்தவர்கள்

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நான் மலாக்காவில், காஜா பேராங்கில் வாடகை வீட்டில் இருந்தேன். அரசாங்க மோட்டார் ஷெட்டில் தினக்கூலி டிரைவர். என் மனைவி பாக்கியம் புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், அதனால் குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டையான நீல ஐசி. நான் இந்தியாவிலிருந்து அம்மா மடியில் கப்பலில் வந்த கைக்குழந்தை, அதனால் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசி. ஒரே வீட்டில் இரண்டு நிறம். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, மலாய் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணி, நேர்முகமும் முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அது கிடைத்தால்தான் ஷெட்டில் என்னை நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால்தான் பென்ஷன்.

அப்போதுதான் இந்தப் பக்கத்து நாடுகள் ஐந்து சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்திருந்தன. அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை அதில் இரண்டு நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றவை. கிளேபாங் கடற்கரையில் ஒரு படகு தெரிந்தால் எதிர்க்கரையிலிருந்து ஆயுதத்தோடு யாரோ வருகிறார்கள் என்று ஊரே ஓடும். திடீரென்று இனி எல்லாரும் சகோதரர்கள் என்று ரேடியோ சொன்னது. காப்பிக் கடையில் ஒருவரும் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை.

அந்தக் கூட்டமைப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி சிலோன் கேட்டது. சிலோன் இந்தப் பக்கத்து நாடா, இந்தியா பக்கத்து நாடா என்று ஒரு பேச்சு. உள்ளே விட்டால் பின்னாலேயே யார் வருவார்கள் என்று இன்னொரு பேச்சு. அவர்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு இதில் சேர இஷ்டமில்லை என்றும் சொன்னார்கள். விஷயம் பேச சிலோனிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு குழு வந்திருந்தது. அதில் தலைவரையும் அவருடைய செயலாளரையும் மட்டும் இரண்டு நாளைக்கு மலாக்காவைச் சுற்றிப் பார்க்க அனுப்பினார்கள். அவர்களை ஏற்றிப் போகும் வேலை எனக்கு வந்தது.

தினக்கூலிக்காரனுக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். முதல் நாளைக்கு முந்தின சாயங்காலம் ஷெட்டுக்கு ஒருவர் வந்தார். நல்ல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பெயர் சொல்லவில்லை. எந்த இலாகா என்றும் சொல்லவில்லை. நாங்கள் வெள்ளைச் சட்டைக்காரர் என்றே வைத்துக்கொண்டோம். அவர் பேசியது மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன், ஐயா என்கிற துவானை மட்டும் மாற்றவில்லை.

"ரெங்கசாமி. நீ தமிழ் பேசுவே இல்ல?"

"பேசுவேன் துவான்."

"வர்ற ரெண்டு பேர்ல அந்தச் செயலாளரு தமிழன். சபாநாதன்னு பேரு. உன்கிட்ட பேசுவான். என்ன பேசுறான், என்ன கேக்குறான்னு எனக்குத் தெரியணும். இவங்க உண்மையாவே சேர வந்தாங்களா, இல்ல நம்மள வேவு பாத்துட்டுப் போக வந்தாங்களா. புரியுதா?"

"நான் டிரைவர் துவான். எனக்கு அரசியல்..."

"உன் ஐசி சிவப்பு, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மிரட்டினாரா, ஆசை காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் சட்டி தேய்த்துக்கொண்டே, "நீ வாயத் தொறக்காத. கேட்டது எதையும் காதுல வாங்காத. ரோட்டப் பாத்து ஓட்டு. அவங்க சேந்தா நமக்கென்ன, சேரலன்னா நமக்கென்ன" என்றாள். நல்ல புத்திமதிதான். அதைக் கேட்டு நடக்கிற மாதிரியா என் நிலைமை இருந்தது?

2. முன்சீட்டும் பின்சீட்டும்

இதற்கென்று ஒரு புதுக் கறுப்புக் காடியைக் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்து நேரே அவர்கள் தங்கின ரெஸ்ட் ஹவுஸ் வாசலில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஷெட்டுக்குள் அது வரவே இல்லை. இது எனக்கு உறுத்தியது. ஏன் என்று சொல்கிறேன்.

புதுக் காடி எது வந்தாலும் எங்கள் ஷெட்டில் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கி, அப்புறம்தான் வாசலைத் தாண்டும். தமிழ் டிரைவர்கள் ஆரம்பித்து வைத்த பழக்கம். போகப் போக ஷெட்டுக்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மேஸ்திரி மிஸ்டர் டிகோஸ்தா போர்த்துக்கீசிய வம்சத்துச் செரானிக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாகோயிலுக்குப் போகிறவர். அவரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "பழம் வச்சாச்சா, மேன்?" என்று கேட்பார். வைக்காவிட்டால் சாவி வராது. ஒரு லாரிக்கு வைக்க மறந்து, அது தம்பின் சாலையில் அச்சு முறிந்து கிடந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பயம்.

முதல் நாள் காலையில் நேரமில்லை. பழம் வைக்காமலேயே எடுத்தேன். மனசு சரியில்லாமல்தான் எடுத்தேன்.

தலைவர் சிங்களவர், ஒல்லியான மனிதர், கோட்டுப் போட்டவர், இங்கிலீஷில்தான் பேசுவார், எனக்கும் கொஞ்சம் புரியும். பின்சீட்டில் உட்கார்ந்ததும் கதவுப் பூட்டை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். ஊரின் பழைய சிவப்புக் கட்டடத்தைக் காட்டினால், "இதை ஏன் காட்டுகிறார்கள்?" என்று கேட்டார். மலைமேல் கோட்டைக்குக் கூட்டிப்போனால், "நாம் இங்கே படியேறிக்கொண்டிருக்கிறோம். அங்கே கோலாலம்பூரில் அவர்கள் நம்மை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்" என்றார். அது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். ரெஸ்ட் ஹவுஸில் தேநீர் வந்தபோது செயலாளர் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவர் கோப்பையைத் தொட்டார்.

செயலாளர் சபாநாதன் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிட இளையவர். யாழ்ப்பாணத் தமிழ். ஏறின கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணை, எத்தினை வருசமாய் ஓட்டுறியள்?"

"ஆச்சு சார், ரொம்ப வருஷம்."

"இஞ்சை எங்கட ஆக்களுக்கு வாழ்க்கை எப்பிடி? சண்டை சச்சரவு ஒண்டும் இல்லையோ?"

"நல்லா இருக்கோம் சார்."

"சிலோன் இந்தக் கூட்டமைப்பிலை சேருறதைப் பற்றிச் சனம் என்ன கதைக்கினம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு டிரைவரிடம் கேட்கிற கேள்வியா இது? வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னது சரிதான், இந்த ஆள் ஆழம் பார்க்கிறான் என்று நினைத்தேன். "நம்ம சனம் மீன் விலையத்தான் பேசுது சார்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

ஆனால் எனக்கும் கேட்க வேண்டிய வேலை இருந்தது. கிளேபாங்கில் இளநீர் குடிக்க நிறுத்தினபோது மெதுவாக, "உங்க ஊர்ல எல்லாருக்கும் சேர ஆசைதானா சார்?" என்றேன். அவர் இளநீரை இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணைக்கு அரசியலிலை நல்ல ஈடுபாடு போல" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். காடியை விட்டு இறங்காமல் பின்சீட்டில் இருந்த தலைவர், நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் பட்டது இரண்டு தமிழர்கள் அவருக்குப் புரியாத பாஷையில் குசுகுசுப்பது.

திரும்பி வரும்போது காஜா பேராங் முச்சந்தியில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே விழுந்தான். பிரேக் போட்டேன். யாருக்கும் அடி இல்லை. ஆனால் தலைவரின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், நாளைக்குக் கோலாலம்பூர்வரை ஓட்ட வேண்டும், பழம் வைக்காமல் இந்தக் காடியை எடுக்கப்போவதில்லை என்று.

பழம் பக்கத்து வீட்டு மரத்தில் பறித்தது. பக்கத்து வீட்டுக்காரர், மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் சிட்டி குடும்பத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி இருக்கும், வாயில் தமிழ் வராது, மலாய்தான். வேலிக்கு மேலே கையைக் காட்டி, எத்தனை வேண்டுமானாலும் பறித்துக்கொள் என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அவரிடமும் போய், டிரைவர் தமிழில் என்ன ரகசியம் சொன்னான் என்று கேட்டிருக்கிறார்கள். பாவம், அவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

3. முழுசாக நின்ற பழம்

இரண்டாம் நாள் காலை. கோலாலம்பூரில் மத்தியானம் கூட்டம். தலைவர் அதில் இருந்தே ஆக வேண்டும். நான் சீக்கிரமே ரெஸ்ட் ஹவுஸ் வாசலுக்குப் போய், காடியைத் துடைத்து, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். வாயில் முருகா என்று சொல்லிக்கொண்டே முன்னால் எடுத்தேன். மூன்று நசுங்கியது. பின் சக்கரத்துப் பழம் ஒன்று வழுக்கி வெளியே ஓடிவிட்டது. முழுசாக நின்றால் திரும்ப வைக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். இறங்கி எடுத்து வைத்து, காடியைப் பின்னால் எடுத்தேன். மறுபடியும் வழுக்கியது. மறுபடியும் இறங்கிக் குனிந்தேன்.

மாடி ஜன்னலில் தலைவர் நின்றிருந்தார்.

அவர் என்ன பார்த்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். தான் ஏறப்போகிற காடிக்கு அடியில் ஒருவன் குனிந்து எதையோ வைக்கிறான், முணுமுணுக்கிறான், முன்னால் பின்னால் ஓட்டுகிறான், மறுபடி வைக்கிறான். அவர் ஊர்ப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வெட்டுவது என்றால் செய்வினை சமாச்சாரமாம். இறங்கி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. இந்தக் காடியில் ஏறமாட்டேன் என்றார். நேற்று நெற்றியில் இடித்தது, இன்றைக்கு இது, என்னைக் கூட்டத்துக்குப் போகவிடாமல் தடுக்கப் பார்க்கிறீர்கள் என்று கத்தினார். பிறகு சபாநாதன் பக்கம் திரும்பி, "இவன் உன் ஆள்தானே? நேற்று முழுக்க அவனோடு என்ன பேசினாய்?" என்றார்.

சபாநாதன் பதில் சொல்வதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் எங்கிருந்தோ முளைத்தார். என்னை ஒரு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தலைவரும் சபாநாதனும் அடுத்த அறைக்குப் போனார்கள்.

4. இரண்டு அறைகள்

"யார் வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல துவான். நாங்க வழக்கமா செய்றதுதான்."

"நாங்கன்னா யாரு? எத்தன பேரு?"

"டிரைவருங்க எல்லாரும் துவான்."

"சங்கமா?"

"சங்கம் இல்ல துவான், சாமிக்கு..."

"எந்தச் சாமி? எந்தக் கோயிலு? அங்க யாரு தலைவரு?"

இப்படியே போனது. என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஒரு கூட்டத்தைத் தேடினார். டிகோஸ்தாவைக் கேளுங்கள் துவான், அவருக்குத் தெரியும் என்றேன். ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். டிகோஸ்தா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பழமா? எனக்குத் தெரியாது துவான். நான் கிறிஸ்தவன்" என்றார். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை காடிக்குச் சாவியைப் பிடித்துக்கொண்டு பழம் கேட்டிருக்கிறான் அந்த மனுஷன்!

அப்புறம் வெள்ளைச் சட்டைக்காரர் நாற்காலியை இழுத்து என் முட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பாரு ரெங்கசாமி. அந்தச் சபாநாதன்தான் வைக்கச் சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவங்க ஆளே செஞ்ச வேலைன்னா நம்ம நாட்டு மேல பழி இல்ல. நீ வீட்டுக்குப் போ. உன் மனுவும் நல்லபடியா போகும்."

உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. அந்த சபாநாதன் எனக்கு யார்? முந்தின நாள் பூரா அவரை நான் சந்தேகப்பட்டவன். ஆனால் பொய் சொல்லி ஒருவன் வயிற்றில் அடிக்க மனசு வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. இன்றைக்கு இவர்களுக்காக நான் சொல்கிற பொய்யை நாளைக்கு இவர்களே எடுத்து என் கழுத்தில் மாட்டுவார்கள் என்று பட்டது. இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்காதீர்கள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது துவான். நானாத்தான் வச்சேன்."

அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சந்தோஷம்.

"அவனே ஒத்துக்கிட்டான். தான்தான் உன்ன வைக்கச் சொன்னதா சொல்லிட்டான். இப்ப என்ன சொல்றே?"

இது போலீஸ்காரர்களின் பழைய தந்திரம் என்று நினைத்தேன். மற்றவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லி வாயைப் பிடுங்குவது. நான் அவ்வளவு லேசில் மாட்டுகிறவன் இல்லை.

"அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு துவான். அவருக்குத் தெரியவே தெரியாது. இதான் உண்மை."

"அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்" என்றார். "ஒருத்தன மறைக்க ஒருத்தன் பாக்குறீங்க. ஒரே நாள் பழக்கத்துல யாராவது இப்படிச் செய்வாங்களா?"

நான் என்ன சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

5. கோலாலம்பூர் சாலை

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தலைவரை ஷெட்டிலிருந்து வந்த பழைய சாம்பல் நிறக் காடியில் ஏற்றினார்கள். ஓட்டினது டிகோஸ்தா. சபாநாதனைத் தன்னோடு ஏறக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். கறுப்புக் காடியில் ஏற ஒருவரும் தயாராக இல்லை. பெட்டிகளையும் சபாநாதனையும் அதில் ஏற்றி, என்னையே ஓட்டிப்போகச் சொன்னார் வெள்ளைச் சட்டைக்காரர். எனக்கு ஆச்சரியம். கதவைச் சாத்துகிற சாக்கில் குனிந்து, "வழியில பேசுவான். என்ன பேசினான்னு வந்து சொல்லணும்" என்றார். விசாரித்தும் விடவில்லை அந்த மனுஷன்.

தம்பின் தாண்டியாயிற்று. ரப்பர் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் அவர்தான் கேட்டார்.

"நான் சொன்னதையே நீங்களும் சொல்லியிருக்கலாம்தானே, அண்ணை?"

"என்னத்த சார்?"

"நான்தான் உங்களைத் தேசிக்காய் வைக்கச் சொன்னனான் எண்டு."

நான் காடியை ஓரம் கட்டிவிட்டேன். "சார், நிஜமாவே சொன்னீங்களா? அவங்க என் வாயப் புடுங்கப் பொய் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"எங்கட தலைவர் உங்களைப் பிடிச்சு மறியலிலை அடைச்சுப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டு நிண்டவர். எங்கட வீட்டுக் காருக்கும் தேசிக்காய் வைக்கிறனாங்கள்தான். தெரியாது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நான் செய்விச்சது எண்டால் பிரச்சினை எங்கட ஆக்களுக்கு உள்ளுக்கையே முடிஞ்சிடும். ரெண்டு நாட்டுப் பிரச்சினையாய் வராது எண்டு நினைச்சன். நீங்கள் இல்லையெண்டு சொன்னதோடை நான் பொய்யன் ஆயிட்டன். ஏன் பொய் சொன்னவன் எண்டு இனி ஊருக்குப் போய்த் துருவுவார்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "உங்களத்தான் வைக்கச் சொன்னதா சொல்லுன்னு என்ன அடிக்காத குறையாக் கேட்டாங்க சார். உங்களக் காப்பாத்தணும்னுதான் மாட்டேன்னு நின்னேன்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். நடு ரோட்டோரத்தில், போகிற லாரிக்காரன் எல்லாம் பார்க்க, இரண்டு பைத்தியங்கள்.

"இனிச் சொல்லுங்கோ. என்னட்டை என்ன கேக்கச் சொல்லி உங்களை விட்டவை?"

"நீங்க நெஜமாவே சேர வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களான்னு. உங்கள என்ன கேக்கச் சொன்னாங்க சார்?"

"எங்களைச் சேர்க்க இவையளுக்கு உண்மையிலை மனம் இருக்கோ எண்டு. உள்ளூர் ஆளிட்டை கேட்டால் தெரியும் எண்டு சொன்னவர்."

"என்கிட்டயா?" என்றேன். "என்னையே இன்னும் சேக்கல சார். நான் இந்த நாட்டுப் பிரஜை இல்ல. மனு போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப பிழையான ஆளிட்டைத்தான் கேட்டிருக்கிறன்" என்றார்.

சிரம்பானில் தேநீர் குடித்தோம். அவருடைய பிள்ளைகள், என் பிள்ளைகள், அவர் ஊர்க் கடல், எங்கள் ஊர்க் கடல் என்று கோலாலம்பூர்வரை வாய் ஓயாமல் பேசினோம். இறங்குவதற்கு முன் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒழுங்காகக் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வழி முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அவர் அங்கே சொல்ல வேண்டியது, நான் இங்கே சொல்ல வேண்டியது. கையைப் பிடித்து, "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். வெள்ளைச் சட்டைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "அவ்வளவு தூரம் ரெண்டு தமிழனுங்க ஒரு வார்த்தை பேசாம வந்தீங்க" என்றார். சபாநாதன் அங்கே சொன்னதும் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. ஒரு பொய்யை இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதில் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போய்விட்டது.

சிலோன் அந்தக் கூட்டமைப்பில் சேரவில்லை. அதற்குப் பெரிய இடத்துக் காரணங்கள் எத்தனையோ இருந்திருக்கும். என் எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று யாரும் எழுதவில்லை, அதுவரைக்கும் நல்லது. எனக்குப் பின்னால் நேர்முகம் போனவர்களுக்கெல்லாம் நீல ஐசி வந்தது. எனக்கு வரவில்லை. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். திரும்ப எழுதிப் போட்டேன். கடைசியில் என் பெரிய மகளுக்குக் கல்யாணம் ஆனதற்குப் பிறகு ஒருநாள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் நிரந்தர வேலைக்கான வயசு தாண்டிப்போயிருந்தது. தினக்கூலியாகவே இருந்து தினக்கூலியாகவே வீட்டுக்கு வந்தேன். பென்ஷன் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

சபாநாதன் என்ன ஆனார் என்று பல வருஷம் தெரியாது. சிலோனில் கந்தோர் என்று சொல்கிற அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த ஒருவரை ஒரு தடவை ஏற்றிப் போனபோது கேட்டேன். அவரைத் தலைநகரிலிருந்து எடுத்து எங்கோ ஒரு மூலைக் கந்தோரில் போட்டார்கள் என்றும், வெளிநாட்டு வேலைக்கு அதற்குப் பிறகு அனுப்பவே இல்லை என்றும் சொன்னார்.

புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காடியில் ஏறுகிறவர்களைச் சந்தேகப்படாதே என்று சொல்லமாட்டேன். சந்தேகப்படு. உன்னையும் சந்தேகப்படுவார்கள். ஆனால் முதல் நாள் அவர் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தவுடனே, என்ன கேட்கச் சொல்லி உங்களை அனுப்பினார்கள் என்று நான் அவரைக் கேட்டிருக்கலாம். அவரும் என்னைக் கேட்டிருக்கலாம். மலாக்கா முழுக்க, ஒரே காடியில், ஒரே பாஷையில் சுற்றினோம். இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டு முடித்தபோது கோலாலம்பூர் வந்துவிட்டது.